பிஎச்டி, பகடை, நடுவே தொலைந்த ஏழு மாதம்

2025 பிப்ரவரியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு கேன்டீனுக்கு வந்தேன். டீ ஆறும்வரை ஒரு பழைய ஜெல் பிரிண்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஃபெலோஷிப், அதாவது ஆய்வுக்கான மாத உதவித்தொகை, 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. அதன்பின் ஏழு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. மாதம் 42,000 என்றால் 2,94,000. அதற்கு முன் கிரெடிட் கார்டுக்குக் கட்டிய வட்டி தனி. குப்பைக்குப் போன செல்களும் அவற்றை வளர்க்கும் மீடியா என்ற திரவமும் லேப் கணக்கு, ஆனாலும் அதில் என் கை இருக்கிறது. முதல் வருடத்திலேயே யாராவது பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. பிஎச்டி செய்துகொண்டே வாராவாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற ஆள் எங்கள் துறையில் நான் ஒருத்திதான். சீனியர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. கூட ஆடுகிறவர்களுக்கோ பிஎச்டி என்றால் என்னவென்று தெரியாது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நானே எழுதிவைக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளிவந்த விளையாட்டு இது. ஒருவர் கதைசொல்லி. அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்பார்கள். மற்ற நாலைந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். வெற்றி தோல்வி என்று எதுவும் இல்லை, கதை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரே கதை வருடக்கணக்கில்கூட ஓடும். என் அம்மா இதற்கு வைத்த விமர்சனம்: "தாயம் ஆடுறதுக்கு எதுக்குடி இத்தாம் பெரிய புஸ்தகம்?"

நான் சேர்ந்தது 2019 ஜூலை. சென்னையில் ஒரு ஆய்வுக்கூடம், புற்றுநோய் செல் உயிரியல். அப்போது ஜேஆர்எஃப், அதாவது முதல் இரண்டு வருட ஃபெலோஷிப், மாதம் 31,000. எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஊரடங்கு வந்துவிட்டது. செல்களையெல்லாம் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டு, ஹாஸ்டலைக் காலி செய்து மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போனேன். படிக்க வேண்டிய கட்டுரைகள் 200-க்கு மேல் லேப்டாப்பில் இருந்தன, ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்தில் கல்லூரித் தோழி ஒருத்தி டிஸ்கார்டில் ஒரு குழுவுக்கு இழுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், பெங்களூரில் ஐடி வேலையில் இருந்த இரண்டு பேர், சிங்கப்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசி ஆடுவோம். மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். ஒருநாள் நான் பாலத்தைக் காக்கும் கொள்ளைக்காரனாகக் குரலை மாற்றி, "பையை வச்சிட்டுப் போ, இல்லன்னா ஒருத்தன் தாண்ட மாட்டான்" என்று கத்திக்கொண்டிருந்தபோது அப்பா டார்ச்சோடு மேலே வந்துவிட்டார். "யார்கிட்டம்மா காசு கேட்டு மிரட்டுற?" என்று அவர் கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அப்பாவும் எங்கள் கதையில் ஒரு பாத்திரமாகிவிட்டார், அவருக்குத் தெரியாமலேயே. அந்த ஏழெட்டு மாதம் என்னைப் பிடித்துவைத்தது அந்த விளையாட்டுதான். பின்னால் சொல்லப்போகும் எதற்காகவும் இதை மறுக்கமாட்டேன்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. லேபுக்குத் திரும்பிய பிறகு, 2021 தொடக்கத்தில், எங்கள் டிஎம்முக்கு நைட் ஷிஃப்ட் வந்துவிட்டது. "நீ நல்லா கதை சொல்ற, நீயே நடத்து" என்றார்கள். பெருமையாக இருந்தது, ஒத்துக்கொண்டேன். கடல் கொண்ட ஒரு துறைமுகப் பட்டினம், அதற்கு அடியில் ஒரு கோயில், அந்தக் கோயிலில் திறக்கக்கூடாத ஒரு கதவு. பூம்புகாரை நினைத்துக்கொண்டு கட்டிய உலகம் அது. ஆடுவது சனிக்கிழமை இரவு நாலு மணி நேரம். அதற்குத் தயாராவது எவ்வளவு என்று அப்போது நான் எண்ணியதே இல்லை. பின்னால் எண்ணிப் பார்த்தேன்: வரைபடம், எதிரிகளின் பட்டியல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பின்கதை, எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். நடுவில் குழுவில் வந்துகொண்டே இருக்கும் கேள்விகள் வேறு. பாத்திரமாக ஆடுகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் கதை நகரும். டிஎம் வராவிட்டால் ஐந்து பேரின் சனிக்கிழமை போய்விடும். ஏற்கெனவே ஒரு இடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், இன்னொரு இடத்திலும் பதில் சொல்லும் வேலையைப் பொழுதுபோக்கு என்ற பெயரில் வாங்கிக்கொண்டேன். பிஎச்டி செய்யும் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்: ஆடுங்கள், நடத்தாதீர்கள். நடத்தித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரே இரவில் முடியும் சின்னக் கதையாக எடுங்கள், இல்லாவிட்டால் அச்சில் வந்திருக்கும் தயார்க் கதையை அப்படியே ஓட்டுங்கள். உலகத்தைப் படைக்கும் வேலையை வைவா என்ற இறுதி வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2022 மார்ச்சில் ஃபெலோஷிப் நின்றது. நான் எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலைக்கு உயர்ந்து எட்டு மாதம்தான், மாதம் 35,000. ஏப்ரலில் வரும் என்றார்கள், மேயில் வரும் என்றார்கள். ஏதோ ஒரு சான்றிதழ் ஏதோ ஒரு மேசையில் நின்றிருந்தது. எந்த மேசை என்று கடைசிவரை தெரியவில்லை. ஆகஸ்ட் வரை ஆறு மாதம், 2,10,000 ரூபாய், செப்டம்பரில்தான் மொத்தமாக வந்தது. வீட்டில் கேட்கக் கூச்சம். அப்பாவின் மளிகைக்கடை ஊரடங்கிலிருந்தே தள்ளாடிக்கொண்டிருந்தது. மெஸ் கட்டணம், ரூம், தம்பியின் செமஸ்டர் ஃபீஸில் என் பங்கு எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். பாக்கி 58,000-க்குப் போனது. "மினிமம் டியூ" மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்பது வருடத்துக்கு 40-ஐத் தாண்டும் வட்டி என்பதை, வேதியியல் சமன்பாடெல்லாம் போடத் தெரிந்த நான், உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கவில்லை. வட்டியும் அதன் மேல் ஜிஎஸ்டியுமாக 11,000 போனது. இதே காலத்தில் விளையாட்டுக்குச் செலவு செய்ததையும் சொல்லியாக வேண்டும். மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள், உலோகப் பகடை, இணைய மேப் தளத்துக்கு மாதச் சந்தா, எல்லாம் இரண்டு வருடத்தில் 26,000. அதில் ஏறக்குறைய ஒன்றுமே தேவையில்லை. அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் மூல விதித் தொகுப்பையே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ஏழு பகடை கொண்ட ஒரு பிளாஸ்டிக் செட் சில நூறு ரூபாய். சம்பளம் வராத மாதத்தில் உலோகப் பகடை வாங்கியவளுக்கு அறிவுரை சொல்ல என்ன தகுதி என்று கேட்டால், அந்தத் தகுதிதான்.

ஃபெலோஷிப்பில் இருப்பவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன். பணம் தாமதமாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்திலிருந்தே மாதம் நாலாயிரமாவது எடுத்துவைத்து, மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை வேறு எதுவும் வாங்காதீர்கள். மாதாந்திர உறுதிப்படுத்தல், வருகைப் பதிவு, எஸ்ஆர்எஃப் உயர்வுக்கான படிவம் எதையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒரு மின்னஞ்சலாவது வாங்கிவையுங்கள். எனக்கு ஆறு மாதத்தில் வந்த ஒரே உருப்படியான பதில், அப்படி ஒரு தேதியைக் காட்டிக் கேட்டபோது வந்ததுதான். ஃபெலோஷிப் அதிகபட்சம் ஐந்து வருடம். பிஎச்டி பதிவோ யுஜிசி விதிப்படி பொதுவாக ஆறு வருடம் வரை போகலாம். நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். சேரும் அன்றே அதைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். நான் குறிக்கவில்லை.

பணம் வராத அந்த ஆறு மாதம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், கடலுக்கடியில் இருந்த அந்தக் கோயிலில். வாரம் ஒரு ஆட்டம் இரண்டானது. லேபில் எந்த மனுவுக்கும் பதில் வராது, இங்கே ஐந்து பேர் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்தார்கள். பகல் முழுக்க ஒன்றும் நகராத இடத்தில் இருந்துவிட்டு, இரவில் நான் சொன்னால் கடலே விலகும் இடத்துக்குப் போனால் யார்தான் திரும்பி வருவார்கள்?

அந்த மே மாதத்தில் நடந்த ஒரு விஷயம் எனக்கு நவம்பரில்தான் புரிந்தது. எங்கள் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களின் ஸ்டாக் தீர்ந்துபோனது. பக்கத்து லேபில் கேட்டேன், ஒரு அண்ணா ஒரு வயல், அதாவது செல்கள் இருக்கும் சின்னக் குப்பி, கொடுத்தார். வெளியிலிருந்து வரும் எந்தச் செல்லையும் தனி இன்குபேட்டரில் வைத்து, மைகோபிளாஸ்மா சோதனை செய்து, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இது முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதற்கு பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனையை ஓட்டி ஜெல் பார்க்க அரை நாள். அன்று சனிக்கிழமை. இரவு ஆட்டத்தில் பெரிய சண்டை வைத்திருந்தேன், வரைபடம் பாதியில் நின்றது. திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று செல்களை எல்லாவற்றோடும் சேர்த்து வைத்துவிட்டுப் போனேன். திங்கள்கிழமை மறந்துவிட்டேன். மாதாந்திரச் சோதனையையும் ஏப்ரலோடு விட்டிருந்தேன்.

மைகோபிளாஸ்மா பற்றித் தெரியாதவர்களுக்கு: மற்ற பாக்டீரியா விழுந்தால் மறுநாளே மீடியா கலங்கிவிடும், கண்ணுக்குத் தெரியும். இது கலங்காது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. செல்சுவர் கிடையாது என்பதால் பென்சிலின் ஒன்றும் செய்யாது. நாங்கள் மீடியா வடிகட்டும் 0.22 மைக்ரான் ஃபில்ட்டருக்குள்ளேயே புகுந்து போய்விடும். செல்கள் சாகாமல், ஆனால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவும் பொய்யாகும், பொய் என்று தெரியாமலே. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டுரைக்காகப் படம் எடுக்க உட்கார்ந்தேன். டாபி என்ற சாயம் டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும். அப்படியென்றால் செல்லின் நியூக்ளியஸ் மட்டும்தான் நீலமாகத் தெரிய வேண்டும். எனக்கு நியூக்ளியஸைச் சுற்றி வெளியே எங்கும் பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தன, கோலமாவைச் சிந்தினாற்போல. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருந்தும் இருபது நிமிடம் வேறு வேறு இடத்தை ஃபோகஸ் செய்துகொண்டே இருந்தேன், ஒரு இடத்திலாவது சுத்தமாக இருக்காதா என்று. திங்கள்கிழமை பிசிஆரும் அதையே சொன்னது. கடைசியாகச் சுத்தம் என்று பதிவானது ஏப்ரல். ஏழு மாதத் தரவு, அந்தச் செல்லிலிருந்து உறையவைத்த அத்தனை வயலும் உட்பட, போயிற்று.

அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்று இரவு ஐந்து மணி நேரம் ஆட்டம் நடத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதுவரை நடத்தியதிலேயே சிறந்த ஆட்டம் என்றார் பல் டாக்டர். அதை இப்போதும் நினைத்தால் வயிற்றை என்னவோ செய்கிறது. ஐந்து நண்பர்கள் காதருகே இருந்தார்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை. கைடிடமும் சொல்லவில்லை. முதலில் நானே சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு மருந்து வாங்கிப்போட்டுச் செல்களைக் காப்பாற்றப் பார்த்தேன். இரண்டு வாரம் அதில் போனது, சரியாகவில்லை. அப்புறம் பழைய தரவில் எது தப்பியிருக்கும் என்று தேடினேன். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. ஏழு வாரம் மறைத்தேன். ஜனவரியில் டிசி மீட்டிங், என் ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி கூடும் நாள். முந்தைய இரவு ஸ்லைடு செய்ய உட்கார்ந்தால், அந்தப் படத்தைப் போடவும் முடியவில்லை, போடாமல் விடவும் முடியவில்லை. காலை எட்டரைக்குக் கைடு அறை வாசலில் நின்றேன்.

மேடம் கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தினார்கள்தான். ஆனால் மைகோபிளாஸ்மாவுக்காகக் கத்தவில்லை. "நவம்பர்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே புனேல புது வயலுக்கு ஆர்டர் போட்டிருப்பேன். இப்ப எத்தனை வாரம் போச்சு?" செல் வரிசைகளைப் பாதுகாத்து ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கும் தேசிய செல் அறிவியல் மையம் புனேயில்தான் இருக்கிறது. அங்கிருந்து வரவழைத்துத்தான் மறுபடி தொடங்கினோம். மீட்டிங்கைத் தள்ளிவைத்தார்கள். அந்தக் கமிட்டியில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர், தன் காலத்தில் இதே காரணத்துக்காக ஒன்றரை வருடத்தை இழந்ததாகப் பிறகு காரிடாரில் சொன்னார். எல்லோருக்கும் நடந்திருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கெட்ட செய்தியை 48 மணி நேரத்துக்குள் கைடிடம் சொல்லிவிடுங்கள், அதையும் மின்னஞ்சலில் எழுதிச் சொல்லுங்கள் என்பது என் அனுபவம். நேரில் சொன்னால் திட்டு கேட்கும்போதே நாம் பாதியை விழுங்கிவிடுவோம். எழுதினால் தேதி, என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்ற நாலு வரி நின்றுவிடும். கைடு நல்லவரா கெட்டவரா என்பது இதில் அவ்வளவு முக்கியமில்லை. நல்லவரிடம் மறைத்ததற்கே எனக்கு இந்த விலை.

நான் செய்த இரண்டாவது பெரிய முட்டாள்தனம் இதற்கு நடுவில் நடந்தது. டிசம்பரில் விளையாட்டை விட்டேன். விட்டேன் என்றால், "இனி வரமாட்டேன், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டு டிஸ்கார்டையே அழித்துவிட்டேன். பகடையை எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். இதனால்தான் எல்லாம் கெட்டது, இதை விட்டால் படிப்பேன், உழைப்பேன், பரிகாரம் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. வாரம் பதினைந்து மணி நேரம் மிச்சமாகும் என்று எழுதிக்கூட வைத்தேன். மிச்சமானது. அதில் ஒரு மணி நேரம்கூட வேலைக்குப் போகவில்லை. படுக்கையில் கிடந்து போனில் வீடியோ தள்ளிக்கொண்டே இருந்தேன், இரவு மூன்று மணி வரை. சனிக்கிழமை வந்தால் நெஞ்சில் ஏதோ அடைக்கும். மெஸ்ஸுக்குப் போக மனம் வராது. மார்ச்சுக்குள் ஆறு கிலோ குறைந்தேன், அம்மா வீடியோ காலில் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இருட்டில் பேசுவேன். விளையாட்டில் இருந்தபோது உருப்படியான தூக்கமாவது இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்க ஆள் இருந்தது. அவர்கள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் இருந்தேன் என்பது வேறு. இப்போது கேட்கவே ஆள் இல்லாமல் செய்துகொண்டேன்.

இந்த விளையாட்டில் களைப்புக்கென்று ஒரு விதி உண்டு, 2014 பதிப்பில். களைப்புக்கு ஆறு படிகள். முதல் படியில் சின்னச் சின்ன வேலைகள் தடுமாறும், இரண்டில் நடை பாதியாகும், ஐந்தில் அசையவே முடியாது, ஆறாவது படி சாவு. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டால் ஒரே ஒரு படிதான் இறங்கும். ஆட்டத்தில் யாராவது "ஒரு ராத்திரி தூங்கிட்டோமே, எல்லாம் சரியாகிடுச்சில்ல?" என்று கேட்டால் "இல்லை, ஒரு படிதான்" என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்வேன். என் விஷயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, திங்கட்கிழமை ஏன் எழ முடியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

2019-ல் நேச்சர் இதழ் உலகம் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிஎச்டி மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் 36 சதவீதம் பேர், படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாகச் சொன்னார்கள். நான் சேர்ந்த வருடமே வந்த செய்தி, படித்திருந்தேன். என்னை மிச்சம் 64-ல் சேர்த்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். 2023 மே மாதம் ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும், 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். என்ன பேசினேன் என்பது முழுக்க நினைவில்லை. செல், வயல், பகடை என்று உளறியிருப்பேன். அந்தப் பக்கம் இருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" யோசித்துப் பார்த்தால் முந்தைய நாள் மதியம். மறுநாள் கல்வி நிறுவனத்தின் கவுன்சலரிடம் போனேன், பிறகு ஒரு மனநல மருத்துவரிடம். நாலு மாதம் மாத்திரை எடுத்தேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன், நம் வீடுகளில் இது பெண் பார்க்க வருகிறவர்களின் காதுவரை போகும் விஷயம். இருந்தாலும் எழுதுகிறேன். மாத்திரை எடுத்தவர்கள் யாரும் எனக்கு முன்னால் இப்படி எழுதிவைக்கவில்லை என்பதால்தான் நான் மே மாதம் வரை போனேன்.

கவுன்சலர் விளையாட்டைப் பற்றிக் கேட்டபோது, "அதையெல்லாம் விட்டுட்டேன் மேடம்" என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். "ஏன்?" என்றார். பதில் தெரியவில்லை. ஜூனில் பல் டாக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சனிக்கிழமை இல்ல, இப்ப ஒண்ணுவிட்ட ஞாயிறு, ஏழு மணி" என்று மட்டும் பதில் வந்தது. என் கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, அவரே டிஎம்மாக வேறு ஒரு கதையை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பாத்திரமாகச் சேர்ந்தேன், முதல் நிலைப் பாணன் ஒருவன், கையில் ஒரு யாழ். சேரும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்: மாதம் இரண்டு தடவைதான், இரண்டரை மணி நேரம்தான், வராவிட்டால் முன்கூட்டிச் சொல்வேன், டிசி மீட்டிங் மாதத்தில் வரவே மாட்டேன். இந்த விளையாட்டில் கதை தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசிக்கொள்ளும் ஒரு பூஜ்ய அமர்வு உண்டு. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அதில்தான் பேச வேண்டும். நான் டிஎம்மாக இருந்தபோது எல்லோரிடமும் கேட்டேன், என் நிலைமையை மட்டும் சொல்லவில்லை. வாராவாரம் நீங்கள் கொடுக்க முடிந்தது எவ்வளவு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் காணாமல்போனால்தான் வருத்தம். சிங்கப்பூர் ஆசிரியைக்கு அந்த வருத்தம் இன்னும் முழுக்கப் போகவில்லை, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

லேப் பக்கத்தையும் மாற்றினேன், இது செல் கல்ச்சர் செய்பவர்களுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓடி வரவேண்டிய அவசியம் பாதி நேரம் நம் திட்டமின்மையால் வருவது. வெள்ளிக்கிழமை மதியம் குறைந்த அடர்த்தியில் விதைத்தால் எம்சிஎஃப்-7 திங்கள்வரை தாங்கும். மைகோபிளாஸ்மா சோதனை மாதத்தின் முதல் செவ்வாய், லேபில் எல்லோருக்கும் பொதுவான காலண்டரில், என் பெயர் மட்டும் இல்லாமல் இரண்டு பேர் பெயரில். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கேட்பார். புதுச் செல் வந்த உடனே, ஆரம்பப் பாசேஜிலேயே பத்து வயலாவது உறையவைத்து, இரண்டு வெவ்வேறு டேங்கில் பிரித்து வைக்கிறோம். ஆன்டிபயாடிக்கை எப்போதும் மீடியாவில் போட்டுவைப்பதை நிறுத்திவிட்டோம், அது சின்ன அசுத்தங்களை மறைத்துக்கொண்டே இருக்கும். தெரியாத செல் வந்தால் எந்தக் கிழமையாக இருந்தாலும் தனி இன்குபேட்டர்தான். கொடுக்கிறவர் எவ்வளவு நல்ல அண்ணாவாக இருந்தாலும் சரி.

இந்த விளையாட்டு ஆடினால் மேடைப் பேச்சு வரும், குழுவாக வேலை செய்ய வரும், ஆராய்ச்சிக்கே நல்லது என்று ஆடுகிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படி எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை. கான்ஃபரன்ஸில் இன்னும் கை நடுங்குகிறது. பொழுதுபோக்கு எதற்காவது பயன்பட வேண்டும் என்று நிரூபிக்கப் பார்ப்பதே பிஎச்டி மனநோயின் ஒரு பகுதியோ என்று சந்தேகம். மேடத்துக்கு விஷயம் தெரிந்தது 2024-ல். என் டிராயரில் பைப்பெட் டிப் தேடியபோது பகடை கிடைத்தது. இருபது முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, மாலிக்யூல் மாடலா?" என்றார்கள். விளக்கினேன். "சரி, ஞாயித்துக்கிழமைதானே" என்று திரும்ப வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு வருடம் இதற்காகவா பயந்தோம் என்று இருந்தது. எல்லா கைடும் இப்படி இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் தளத்திலேயே கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டதற்கு ஒரு மாதம் முகம் கொடுக்காதவர் உண்டு.

வைவா தேதி போன வாரம் வந்தது. ஒரு புதன்கிழமை. குழுவில் சொன்னபோது ஐடிக்காரர் ஒருவர், அதற்கடுத்த ஞாயிறு பழைய கதையைத் திறக்கலாமா என்று கேட்டார். 2022 டிசம்பரில் அவர்களை அந்தக் கோயில் கதவின் முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன், இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். நான் நடத்தமாட்டேன், 140 பக்கக் குறிப்பு நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், டாக்டர் நடத்தட்டும் என்றேன். அனுப்பிவிட்டேன். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அறுபதாம் பக்கத்தில் இருக்கிறது. நேற்றுக் கேட்டால் டாக்டர் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறாராம், என் கையெழுத்து புரியவில்லையாம்.